பதினோராயிரத்து நானூறு தட்டு

பம்பாயிலிருந்து வந்த கடிதத்தை ராயப்பன் மூன்று முறை படித்தார். நான்காவது முறை மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு படித்தார். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. இங்கிலீஷ் கடிதம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் வருகிற கடிதமெல்லாம் எதையாவது கேட்கும். படிவம் எங்கே, ஏன் தாமதம், யார் பொறுப்பு. இது எதையுமே கேட்கவில்லை, கொடுக்கிறேன் என்றது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன், எழுபத்தேழில், அவர் பாடி ஒரு சின்ன இசைத்தட்டு வந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டே பக்கம். மெட்ராஸில் ஒரு கம்பெனி போட்டது. இப்போது பம்பாயில் இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று தேசம் முழுக்க விற்ற சின்னத் தட்டுகளையெல்லாம் எண்ணிப் பார்த்து, மொழிவாரியாக, வகைக்கு ஒன்றாக விருது கொடுக்கிறதாம். தமிழில் நாட்டுப்பாட்டு வகையில் ‘ராயப்பன் குழுவினர்’ தட்டுதான் முதலாவதாம். பதினோராயிரத்து நானூறு தட்டு விற்றிருக்கிறதாம். ஜனவரியில் பம்பாய்க்கு வந்து கேடயம் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

“பதினோராயிரமா?” என்றாள் மனைவி இன்னாசியம்மாள். முன்னால் அரிவாள்மனை, கையில் பாதி நறுக்கிய கத்தரிக்காய். “நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கு. எங்கண்ணன் வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுவும் நீங்களா குடுத்தது. மிச்சத்தை யாருங்க வாங்குனா?”

அந்தக் கேள்விதான் ராயப்பனையும் குடைந்தது. தட்டு வந்த புதிதில் அவர் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று எங்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தாலும் அதன் கீழே நடையைக் குறைத்துக்கொள்வார். அழகர்கோவிலுக்குப் போகிற பாதையில் ஒரு ஆடி மாசம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்திருக்கிறார். உருமி, தவில், நாலு பேர் பின்பாட்டு என்று தூள் பறக்கிற அவருடைய கதிரறுப்புப் பாட்டை ஒரு குழாயும் பாடியதில்லை. ரேடியோவில் ஒரே ஒரு தடவை போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் இருக்கிற ஆனையூரில் கரண்ட் இல்லை. அதோடு அவர் மனசைத் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

கோயிலில் பாடுகிறவனுக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு உருகிப் பாடினாலும் யாரும் கைதட்ட மாட்டார்கள். முப்பது வருஷமாகப் பாடுகிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சபை நிறைந்த கைதட்டு தன் பாட்டுக்கு விழ வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெட்கம் கெட்ட ஆசைதான், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை.

தலைமையாசிரியர் ஃபாதர் சவரிமுத்துவோ விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்துவிட்டார். “ஆண்டுவிழாவிலேயே உமக்குப் பாராட்டு வைத்துவிடுவோம் ஓய். வருகிற சனிக்கிழமை. ஹாஸ்டல் பையன்களோட தாய் தகப்பன்மார் எல்லாம் வருவாங்க. பெரிய மனுஷர்கள் உள்ளே நுழையும்போது உம்ம தட்டு முழங்கணும். மைக் செட்டுக்குச் சொல்லிவிடும்.”

ராயப்பன் அன்று சாயங்காலமே ஆனையூர் முக்கில் இருக்கிற விருமாண்டியின் மைக் செட் கடைக்குப் போனார். விருமாண்டி உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை நாலு குழாயும் இரண்டு மைக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, “ராயப்பன் குழுவினர்னு ஒரு சின்னத் தட்டு. சிவப்புச் சீட்டு ஒட்டுனது. உங்கிட்ட இருக்கா?” என்றார்.

விருமாண்டி வயரைக் கீழே வைத்தான். எழுந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

“யாரு சார் தவறிட்டாக? பெரிய ஃபாதரா?”

“யாரும் தவறல. ஆண்டுவிழான்னு தமிழ்லதான சொன்னேன்?”

“ஆண்டுவிழாவுக்கு எதுக்கு சார் அந்தத் தட்டு?”

“எதுக்கா? அது என் தட்டுப்பா. ராயப்பன் நான்தான். அதுக்கு அகில இந்திய விருது வந்திருக்கு.”

விருமாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, பைத்தியத்தோடு என்ன பேச்சு என்கிற மாதிரி கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான். கடைக்குள்ளே பச்சைத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு என்று நல்ல காரியத்துக்கான தட்டெல்லாம் அதில். பின்பக்கம், தாழ்வாரத்துக்கும் வெளியே, கோணி போட்டு மூடிய கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. விருமாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் திறந்தான். உள்ளே உறை பிரிக்காத எட்டுத் தட்டுகள். எட்டும் சிவப்புச் சீட்டு. எட்டும் ராயப்பன் குழுவினர்.

ராயப்பனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. ஒரே கடையில் எட்டா!

“போன வாரம் பன்னெண்டு இருந்துச்சு சார். நாலு செலவாயிருச்சு” என்றான் விருமாண்டி.

“செலவாச்சுன்னா?”

“உடைச்சாச்சு.”

ராயப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விருமாண்டி முழுக்கச் சொல்லி முடிக்கக் கால்மணி நேரமானது.

தட்டு வந்த வருஷம் சோழவந்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு விருமாண்டி செட் கட்டப் போயிருந்தான். அந்த வீட்டு ஆட்கள், தவில் சத்தம் இருக்கக் கூடாது, பொம்பளைக் குரல் ஒன்று தனியாகப் பாடுகிற மாதிரி போடு என்று நின்றார்கள். பெட்டியில் எதை எடுத்தாலும் மேளம். தேடித் தேடிக் கடைசியில் இந்தத் தட்டின் மறுபக்கம் கிடைத்தது. வாத்தியமே இல்லை. ஒரு பொம்பளை மட்டும் பாடியிருந்தாள். போட்டான். “அம்புட்டுப் பொம்பளைகளும் கோன்னு அழுதுட்டாக சார். நானும்தான்.” அதற்குப் பிறகு சுற்றுவட்டத்தில் எந்தச் சாவானாலும் அதையே கேட்டார்கள்.

அதே மாசம் ஒரு கல்யாண வீட்டில் அந்தத் தட்டின் முன்பக்கம், ராயப்பனுடைய கதிரறுப்புப் பாட்டை, விருமாண்டி ஆசையாகப் போட்டான். சோழவந்தான் உறவுக்காரர் ஒருவர் சிவப்புச் சீட்டை அடையாளம் கண்டுவிட்டார். இழவு வீட்டில் சுற்றின தட்டைக் கல்யாண வீட்டில் சுற்றுகிறாயா என்று வயரை அறுத்து, குழாயை இறக்கி, அவனைத் தெரு முக்கு வரைக்கும் விரட்டினார்கள்.

“அன்னைக்கிலருந்து அதைத் திரும்பக் கொண்டாரதே இல்ல சார். பாடை தெரு முக்கைத் தாண்டுனதும் தட்டை அங்கனயே உடைச்சுப் போட்டுட்டு வந்துருவோம். நான்தான் ஆரம்பிச்சேன். இப்ப திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, அம்புட்டு செட்டுக்காரங்களும் அப்படித்தான். சாவுக்கு ஒரு தட்டு.”

“அப்ப என் பாட்டு?”

“உங்க பாட்டு எது சார்?”

“அதான்யா, மறுபக்கம்!”

“மறுபக்கம் நாங்க திருப்புறதே இல்லையே சார்.”

அதுதான் முன்பக்கம் என்று சொல்ல ராயப்பன் வாயெடுத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டார்.

வீடு வருகிற வழியெல்லாம் அந்த ரிக்கார்டிங் நாள்தான் அவர் கண்ணில் நின்றது. கதிரறுப்புப் பாட்டு முடிந்ததும் தவில்காரரும் உருமிக்காரரும் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். மறுபக்கத்துக்கு மூன்று நிமிஷம் எதையாவது நிரப்புங்கள் என்று கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். குலவை போடவும் பின்பாட்டுக்கும் வந்திருந்த செல்லத்தாய், திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊர்க்காரி, “எம்மகளுக்குப் பாடுன தாலாட்டு இருக்கு, பாடவா?” என்றாள். ஒரே மூச்சில் பாடினாள். சீட்டில் அவள் பெயரைப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்னாசியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “கல்லறைத் திருநாளுக்கு இனிமே உங்களைத்தான் கூப்பிடணும்.” அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாடுனவளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள்.

ராயப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. தன் பாட்டு விற்கவில்லை, ஆனால் விருது தனக்கு. அவள் பாட்டு விற்றது, ஆனால் அதை வாங்கினவர்கள் உடைத்தார்கள். அவள் பாட்டு இல்லையென்றால் தன் பாட்டு நாலு கல்யாண வீட்டிலாவது ஒலித்திருக்கும். அப்படியானால் அவள் தனக்குக் கொடுத்தாளா, கெடுத்தாளா? யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கலானது.

சொல்லாமல் விட்டால்தான் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. சீட்டில் இருப்பது அவர் பெயர். கடிதத்தில் இருப்பது அவர் பெயர். மேடை, சால்வை, கைதட்டு எல்லாம் தயார். இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று நன்றியுரையைப் பழகிப் பார்த்தார். “இந்தப் பெருமை என்னைச் சேர்ந்ததல்ல” என்ற இடம் வந்ததும், அது உண்மையாகவே இருந்ததால், நாக்கு குழறியது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருமங்கலம் பஸ் ஏறினார்.

அங்கே இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பருத்திக் காட்டு வழியே நடந்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செல்லத்தாய் வாசல் வேப்பமரத்தடியில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். மரக்கிளையில் சேலைத் தூளி. அதில் கட்டிய கயிற்றைக் காலில் மாட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை வீல் வீலென்று கத்தியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

“யாரு, ராயப்பண்ணனா? வாங்கண்ணே! இம்புட்டுத் தூரம் எப்படி?” என்று எழுந்தாள். நெற்றியில் பொட்டில்லை. புருஷன் நல்லகாமன் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றாள். தூளியில் கிடப்பது பேத்தி. மகள் பாண்டியம்மாள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தண்ணி எடுக்கப் போயிருக்கிறாள்.

ராயப்பன் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். அப்புறம், “அந்தத் தட்டைச் சாவு வீட்டுல போட்டுட்டு உடைக்கிறாங்கன்னு மைக் செட்டுக்காரன் ஒருத்தன் சொன்னான் தாயி...” என்று இழுத்தார்.

“தெரியும்ணே” என்றாள் செல்லத்தாய்.

“தெரியுமா?”

“எம்புருசன் செத்தன்னைக்குத்தான் தெரியும். பொணத்தை நடுவீட்டுல கெடத்தியிருக்கு. நான் தலைமாட்டுல உக்காந்து அழ வாயைத் திறக்கேன். வேப்பமரத்துக் குழாயில எங்குரல் பாடுது. மொத வரி கேட்டதும் எனக்கு ஒண்ணுமே புரியலண்ணே. நான் இங்க இருக்கேன், அங்க பாடுறது யாரு? செத்தது நானா அவரான்னு ஆயிப்போச்சு. வந்த பொம்பளைகளெல்லாம் அதைக் கேட்டு மாருல அடிச்சு அழுறாக. எனக்கு மட்டும் அழுகை வரல. வாயைப் பொளந்துக்கிட்டு குழாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். புருசன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு இன்னைக்கும் எங்கொழுந்தன் பொண்டாட்டி சொல்லிக்காட்டுவா.”

ராயப்பன் கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

“எம்புட்டுத் தட்டுன்னு சொன்னீக?”

“பதினோராயிரத்து நானூறு.”

“சாவுக்கு ஒரு தட்டா?”

“அப்படித்தான் சொல்றான்.”

அவள் பருத்தியை மடியிலிருந்து கீழே தள்ளினாள். “அம்புட்டுப் பேருக்கா நான் அழுதிருக்கேன்” என்றாள். “எவருன்னே தெரியாதேண்ணே.”

பிள்ளை மறுபடியும் கத்தியது. அவள் கயிற்றை இழுத்தாள். வாய் மூடியே இருந்தது.

“பாடு தாயி, பிள்ளை அழுகுதுல்ல” என்றார் ராயப்பன்.

“பாடக் கூடாதுண்ணே. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு தாலாட்டுதான். எங்காத்தா பாடுனது, பாண்டியம்மாளுக்கு நான் பாடுனது. இவ பொறந்த மூணாம் நாள் மொத வரி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்து யாரு செத்ததுன்னு கேட்டா. இவ அப்பனைப் பெத்தவ வந்து, பச்சப்பிள்ள தலைமாட்டுல இழவுப் பாட்டா படிக்கேன்னு தாம்தூம்னு குதிச்சுட்டா. இன்னொரு தடவை பாடுனா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாளாம்.” மூக்கைச் சிந்தினாள். “அந்தக் கேடயத்தை நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்கு எதுக்கு? அது தாலாட்டுன்னு யாராவது நாலு பேருக்குச் சொன்னாப் போதும்.”

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ராயப்பன் வந்திருந்தார். ‘நீங்களே வச்சுக்கங்க’ என்று அவள் வாயால் வந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டிருந்தார். வந்துவிட்டது. நிம்மதிதான் வரவில்லை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“நான் சொன்னா யாரு தாயி கேப்பா? நீ வந்து சொல்லு. சனிக்கிழமை எங்க பள்ளிக்கூடத்துல விழா. இந்தச் சீமை சனமெல்லாம் வரும். மைக் இருக்கு.”

அவள் தூளியை விலக்கிப் பேத்தியைப் பார்த்தாள். “மைக்குலதான கெட்டுச்சு” என்றாள். “மைக்குலயே நேராகட்டும். வாரேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரிய மனுஷர்கள், பின்னால் பெஞ்சுகளிலும் மண்ணிலும் ஹாஸ்டல் பையன்களின் தாய் தகப்பன்மார். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து காலையிலேயே கட்டுச்சோற்றோடு வந்தவர்கள். செல்லத்தாய் பேத்தியோடு மேடையோரம் நின்றாள். அவள் ஊரிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாண்டியம்மாளின் மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆம்பிளிஃபயர் பக்கத்தில் விருமாண்டி. தட்டை மட்டும் கொண்டுவர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஃபாதர் சவரிமுத்து ராயப்பனுக்குச் சால்வை போர்த்தினார். கைகள் தட்டத் தயாராயின. ராயப்பன் அவசரமாக மைக்கைப் பிடித்தார். பழகிய உரையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“தட்டுல இருக்கிறது என் பேரு. வித்தது என் பாட்டு இல்ல. இந்தம்மா பாட்டு. இவங்க பேரு செல்லத்தாய். விருதும் இவங்களுதுதான், பம்பாய்க்கு அப்படியே எழுதிப் போட்டுட்டேன்” என்று மளமளவென்று சொல்லிவிட்டு, சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. ஃபாதர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

செல்லத்தாய் பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு மைக் முன்னால் வந்தாள். பிள்ளை சிணுங்கியது. அவள் பாடினாள்.

“கம்மங்காட்டுக் குருவியெல்லாம் கூடு சேந்தாச்சு, என்
கண்ணுமணி ராசாத்திக்குத் தொட்டி கட்டியாச்சு...”

முதல் வரி முடிவதற்குள் மைதானம் ஆடிப்போயிற்று. பின்னாலிருந்த ஆண்கள் படபடவென்று எழுந்து தலைப்பாகையை அவிழ்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி, “ஐயோ எங்கப்பா!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நாலு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். யார் செத்தது, எங்கே, எப்போது என்று பெஞ்சுக்குப் பெஞ்சு கேள்வி ஓடியது. முன்வரிசைப் பெரிய மனுஷர் ஒருவர் விவரம் தெரியாமலே எழுந்து மௌனமாகத் தலைகுனிந்து நின்றார். விருமாண்டி பழக்கதோஷத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெரு முக்கைப் பார்த்தான். கூட்டிவந்து இவளை இன்னொரு தடவை அவமானப்படுத்திவிட்டோமே என்று ராயப்பன் பதறினார்.

செல்லத்தாய் பாட்டை நிறுத்தினாள்.

“யாரும் சாகல” என்றாள் மைக்கில். “எல்லாரும் உக்காருங்க. யாரும் சாகல. இது தாலாட்டு. எம்மக பாண்டியம்மாளுக்குப் பாடுனது. இவ அவ மக. தூக்கத்துக்கு அழுகுறா. கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, தூங்க வச்சுக்கிறேன்.”

குழாய் வழியாக அது தெருவரைக்கும் கேட்டது. நின்றவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். உட்காருவதா வேண்டாமா என்று தடுமாறி, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவள் முதல் வரியிலிருந்து மறுபடியும் எடுத்தாள். அழுதவர்களுக்கு அழுகை நிற்கவில்லை. தகப்பனை நினைத்தவள் தகப்பனை நினைத்தே அழுதாள், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். மாமியார்க்காரி எழுந்தாள், பிள்ளையைப் பறிக்கப் போகிறாள் என்று ராயப்பன் பயந்தார். அவள் மேடையோரம் வந்து எட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

மூன்று நிமிஷம். கடைசி வரியைச் செல்லத்தாய் மூச்சுக்காற்றாகத்தான் பாடினாள். பேத்தியின் தலை அவள் முழங்கையில் சாய்ந்திருந்தது. மைதானத்தில் ஒரு சத்தமில்லை.

ஃபாதர் சவரிமுத்துவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இரண்டு கையையும் அகல விரித்து, முதல் தட்டுத் தட்டப் போனார். ராயப்பன் பாய்ந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் ஃபாதர்” என்றார், கெஞ்சுகிற குரலில். “பிள்ளை தூங்குது.”